குஞ்சு விட்டால் போதுமா?

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் மாற்றும் நேரம். ரோட்டோரம் ஒருவர் கட்லா, ரோகு விற்றுக்கொண்டிருந்தார். ‘ஏரி மீனா?’ என்றேன். ‘ஏரியில வளர்ந்ததுதான் சார். குஞ்சு வாங்கி விட்டது’ என்றார். இரண்டுமே வடக்கத்தி மீன்கள். 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்த வித்தை, இன்று ஊர் ஊராகக் குழம்பு கொதிக்க வைக்கிறது. சாப்பாட்டுக்கு சரி. அழிந்துவரும் ஆற்று மீனைக் காப்பாற்றவும் இதே வழிதானா?

ஜோஷ் மர்ஃபி இயக்கிய ‘ஆர்ட்டிஃபிஷல்’ (2019) டாகுமெண்டரி, ‘இல்லை’ என்கிறது. அமெரிக்காவில் அணை கட்டி சால்மனின் வழியை மறித்துவிட்டு, ஈடாகப் பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் கொட்டுகிறார்கள். தொட்டியில் வளர்ந்தது ஆற்று மீனோடு கலக்கும்போது அடுத்த தலைமுறை பலவீனமாகிறது என்பது படத்தின் கட்சி. நல்ல படம்தான். ஆனால் பொரிப்பகத்தை முதல் காட்சியிலேயே வில்லனாக்கிவிட்டு வாதாடுகிறது. எந்த மீனை, எந்த ஆற்றில் விடுகிறோம் என்ற கேள்விக்கு அதில் போதிய இடமில்லை.

அதற்கு நம்ம காவிரிக்குத்தான் வரவேண்டும். திமில் வைத்த மஹ்சீர் காவிரிப் படுகையின் சொந்த மீன். 1946-ல் 120 பவுண்டில் ஒன்று தூண்டிலில் சிக்கியது. 1970-களில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் தொடங்கிய பொரிப்பகத்தில் வேறு ஜாதி, நீலத்துடுப்பு மஹ்சீர், லட்சக்கணக்கில் வளர்ந்தது. நல்லெண்ணத்தில் அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில்காரர்களின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியிருந்தது. சொந்த மீன் அருகியிருந்தது. மணல் அள்ளல், வெடி, அணை எல்லாம் சேர்ந்த துயரம் என்றாலும், விருந்தாளிக்கும் பங்கு உண்டு.

இதில் கொடுமை, திமில் மீனுக்கு ‘டோர் ரேமாதேவி’ என்ற விஞ்ஞானப் பெயர்தான் பொருந்தும் என்று உறுதியானதே 2018-ல். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் அது ஏறியது. யாரென்றே தெரியாமல் காப்பாற்றப் போயிருக்கிறோம்!

மிச்சமிருப்பவை மோயாறு போன்ற சில இடங்களில்தான். நாளை பொரிப்பகமே கடைசி வழியாகலாம். அப்போது தாய்மீன் அந்த ஆற்றுடையதாக இருக்கட்டும். விடுவதற்கு முன் ஆறும் ஆறாக இருக்கட்டும். மர்ஃபியின் படத்தில் நான் தேடிய வரி இதுதான்.

மீன்காரரிடம், ‘முன்னே இந்த ஏரியில என்ன மீன் இருந்தது?’ என்றேன். யோசித்தார்.

‘எங்கப்பாவைத்தான் கேக்கணும் சார்.’