பின்ஸீட்டுக் காற்று

விமரிசகன் என்று ஒருவனுக்கு ஒருமுறை பெயர் ஏற்பட்டுவிட்டால் போதும். எதைப் பற்றி வேண்டுமானாலும் அவனிடம் அபிப்பிராயம் கேட்கலாம் என்று உறவினர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். கல்யாணச் சாப்பாட்டில் ரசம் எப்படி, பெண்ணுக்கு எடுத்த புடவையின் கரை எப்படி என்றெல்லாம் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மோட்டார் காரைப் பற்றி என்னிடம் தீர்ப்புக் கேட்டவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் என் அக்காவின் பிள்ளை.

கலிபோர்னியாவில் ஸன்னிவேல் என்ற ஊரில் அவனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அக்காவும் சில வருஷங்களாக அவனோடுதான் இருக்கிறாள். ஒரு ஜூலை மாதம் நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, போன மறுநாளே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“மாமா, கோடைக்கு ஒரு கன்வர்ட்டிபிள் வாங்கலாம்னு இருக்கேன். எது சிறந்ததுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு மாட்டுவண்டி ஓட்டக்கூடத் தெரியாதேடா!”

“கவிதை எழுதத் தெரியாமலே கவிதைக்கு விமரிசனம் எழுதறீங்களே?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எத்தனை குதிரைச் சக்தி, அறுபது மைல் வேகத்தைத் தொட எத்தனை விநாடி, கூரை மடங்க எத்தனை விநாடி, விலை எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தான். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் இருந்தது. பத்துப் பொருத்தமும் இருந்து சண்டையிலேயே காலம் தள்ளிய தம்பதிகளை நான் அறிவேன். அதனால், “காகிதம் இருக்கட்டும், ஏறி உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடும்படியான காருக்குக் கன்வர்ட்டிபிள் என்று பெயர். இதன் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1920-களின் தொடக்கம் வரையில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை திறந்த கார்களே. கூரையும் கண்ணாடிக் கதவும் போட்ட கார் பணக்காரர்களுடைய கார். கூரை மலிவானதும் எல்லாரும் கூரைக்குள் போய்விட்டார்கள். அன்று கூரை போட்டதற்காக அதிகப் பணம் கொடுத்தார்கள். இன்று கூரையை எடுத்ததற்காக அதிகப் பணம் கொடுக்கிறார்கள். மனிதனுடைய ஆசை எப்போதும் எதிர் வீட்டில்தான் குடியிருக்கிறது.

நடுவில் ஒருமுறை இந்த ஜாதியே அற்றுப்போகும் போலிருந்தது. குளிர்சாதனம் வந்துவிட்டது, பெருஞ்சாலைகளில் வேகம் கூடிவிட்டது, கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஒன்றுமில்லையே என்ற பயமும், அதற்காகச் சர்க்கார் சட்டம் கொண்டுவரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டன. 1976-இல் ‘அமெரிக்காவின் கடைசி கன்வர்ட்டிபிள்’ என்று விளம்பரம் செய்து காடிலாக் எல்டொராடோவை விற்றார்கள். பலர் அதை வாங்கி, ஓட்டாமல், பொக்கிஷம்போல் பூட்டி வைத்தார்கள். 1982-இலேயே வேறொரு கம்பெனியிடமிருந்து புதிய கன்வர்ட்டிபிள் வந்துவிட்டது. வெயிலையும் காற்றையும் விரும்பும் ஆசை அவ்வளவு சுலபத்தில் சாகிறதில்லை.

ஆனால் அது வெயிலுக்கும் காற்றுக்குமான ஆசை மட்டுந்தானா? சினிமாக்காரர்கள் வேறு விதமாக அல்லவா நினைக்கிறார்கள்? 1967-இல் மைக் நிக்கல்ஸ் எடுத்த ‘தி கிராஜுவேட்’ என்ற படத்தில் கதாநாயகன் சிவப்பு நிற ஆல்பா ரோமியோ ஸ்பைடர் காரில், கூரையைத் திறந்துவிட்டு, தன் காதலியைத் தேடி பெர்க்லிக்குப் போகிறான். ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து ஓக்லண்டுக்குப் போகும் பெரிய பாலத்தின் மேலடுக்கில் கார் பறக்கிறது. கண்கொள்ளாக் காட்சி. ஒரே ஒரு குறைதான். அந்தக் காலத்தில் மேலடுக்கு முழுவதும் ஸான்பிரான்ஸிஸ்கோவை நோக்கி வருகிறவர்களுக்கு உரியது. பெர்க்லிப் பக்கம் போகிறவர்கள் கீழடுக்கில் போகவேண்டும். பையன் காதலியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறான்! கீழடுக்கில் காரை விட்டால் தலைக்கு மேல் கான்கிரீட். வெயில் ஏது, சிவப்புக் காரின் ஜொலிப்பு ஏது? திசை தப்பினாலும் பார்வைக்கு நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள் போலும்.

படம் நல்ல படம். அதை நான் குறை சொல்லவில்லை. திறந்த கார்களில் இரண்டு வகை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தது அந்தப் பாலம் என்றுதான் சொல்ல வருகிறேன். உலகம் நம்மைப் பார்ப்பதற்கு ஒரு வகை. நாம் உலகத்தைப் பார்ப்பதற்கு ஒரு வகை. கோடைக்கு எந்தக் கார் என்று கேட்கிறவன், தான் இவற்றில் எதைக் கேட்கிறான் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்து வந்தான். நான்கு ஸீட், பொத்தானைத் தொட்டால் கூரை தானே மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அநேகமாக நான்கு ஸீட் கன்வர்ட்டிபிள்கள் எல்லாவற்றுக்கும் பொது. விருந்தாளி என்று என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். அக்காவும் அவள் மருமகளும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

புறப்பட்டது பகல் பன்னிரண்டு மணிக்கு. இதுவே முதல் தப்பு. கோடைக்கார் என்று பெயர் வைத்தவர்கள் கோடைப் பகலில் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கறுப்புத் தோல் ஸீட் தோசைக்கல்லாய்ச் சுட்டது. ஓடும்போது தெரியாத வெயில், சிவப்பு விளக்குக்கு நின்றவுடன் உச்சந்தலையில் இறங்கியது. ஊரைத் தாண்டும்வரை கூரையை மூடிக்கொண்டு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, மற்ற எல்லாரையும் போலத்தான் போனோம்.

பிறகு பெருஞ்சாலையை விட்டு உட்ஸைட் என்ற ஊரின் வழியாக 84-ஆம் நம்பர் மலைச் சாலையில் ஏறியபோது கூரையைத் திறந்தான். ஆகா! இருபுறமும் ரெட்வுட் மரங்கள். கோவில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தால்தான் உச்சி தெரியும். கூரை போட்ட காரில் அடிமரத்தோடு சரி. மரத்தின் வாசனை, ஈரமண்ணின் வாசனை, ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் நிழல். நான் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டு வந்தேன். “இதுதான் கார்! இதையே வாங்கிவிடு!” என்று முக்கால் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

ஸ்கைலைன் சாலை குறுக்கிடும் இடத்தில், மலை முகட்டில், காப்பி குடிக்க நிறுத்தினோம். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அக்கா புடவைத் தலைப்பைத் தலையோடு இழுத்துப் போர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்து நீர் வழிந்திருந்தது. மருமகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

“என்ன அக்கா?”

“ஒண்ணுமில்லை தம்பி. காது கொஞ்சம் அடைச்சுக்கிட்டுது. நீ நல்லாப் பார்த்தியா?”

நான் ரசித்துக்கொண்டிருந்த அதே காற்று முக்கால் மணி நேரமாக அவளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முன்னால் கேட்டிருக்காது.

இதற்குக் காரணத்தை மருமகள் விளக்கினாள், அவளும் என்ஜினீயர்தான். முன் கண்ணாடியில் மோதும் காற்று மேலே எழும்பித் தாண்டிப் போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அதை நிரப்புவதற்காகத் தாண்டிப் போன காற்று சுருண்டு, பின்புறமிருந்து திரும்பி வருகிறது. முன்னால் இருப்பவர்களுக்குக் கண்ணாடி காவல். பின்னால் இருப்பவர்கள் சுழலுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத் தடுக்க வலைத் தடுப்பு ஒன்று விற்கிறார்களாம். அதை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். “பின் ஸீட்டுக்கு மேலே” என்றாள். அதை மாட்டிவிட்டால் பின் ஸீட்டில் யாரும் உட்கார முடியாது! நான்கு பேருக்கு இடம் என்பது விளம்பரத்தில். சுகம் என்பது இரண்டு பேருக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கார் மூடிய காராகப் பிறந்து, பிறகு கூரை வெட்டப்பட்டது. காரின் உடம்புக்குக் கூரையும் ஒரு எலும்பு. அதை எடுத்தால் தரைப்பகுதியைப் பலப்படுத்த வேண்டும், எடை ஏறும், அப்படியும் பள்ளம் மேட்டில் உடம்பு சற்றே நடுங்கும். நல்ல நாவலை நாடகமாக்கியது போலத்தான். வசனம் இருக்கும், எதையோ தாங்கிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் இருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் கொண்டுவந்தது ஒரு சின்னக் கார், மாஸ்டா மியாட்டா. இது பிறந்த கதை விமரிசகர்களுக்குப் பெருமை தருவது. 1979-இல் மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவராயிருந்த கெனிச்சி யமமோட்டோ, பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளரிடம், “நாங்கள் எந்த மாதிரிக் கார் செய்யவேண்டும்?” என்று கேட்டார். பழைய ஆங்கிலேயச் சிறு கார்களைப்போல எளிமையான, எடை குறைந்த, திறந்த கார் ஒன்று செய்யுங்கள் என்று இவர் சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாராயிற்று. விமரிசகன் வார்த்தையைக் கேட்டு யாரோ எதையோ உருப்படியாகச் செய்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் சாட்சி.

இது ஆரம்பத்திலிருந்தே திறந்த காராகக் கற்பனை செய்யப்பட்டது. இப்போதைய மாடலின் எடை 1,100 கிலோவுக்கு உட்பட்டதுதான். பெரிய காரின் எடை சுமார் 1,700 கிலோ. துணிக்கூரைக்கு மோட்டார் கிடையாது. நடுவில் உள்ள கொக்கியை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினால் தீர்ந்தது, குடை மடக்குகிற வேலை. குதிரையும் வீரனும் ஓருடலாவது என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்பது இதைச் செய்தவர்களின் மந்திரமாம். முப்பத்தைந்து மைல் வேகத்திலேயே வளைவில் பிள்ளை சிரிப்பதைப் பார்த்தேன். பெரிய காரில் அந்தச் சிரிப்புக்கு எழுபது மைல் வேண்டியிருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் சந்தோஷம் தராத கார் கோடைக்கு மட்டுமல்ல, எதற்குமே ஆகாது.

ஆனால் இருப்பது இரண்டே ஸீட். ஆகவே மருமகள் தங்கள் சாதாரணக் காரில் எங்களை முகட்டுக் காப்பிக் கடையில் கொண்டுவந்து விட்டாள். பிள்ளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. முதல் முறை எனக்கு. இரண்டாவது முறை அக்காவுக்கு.

“நான் எதுக்கு? போன வாரமே பார்த்தாச்சே” என்றாள் அக்கா. பிள்ளை விடவில்லை.

அந்தப் பக்கத்தில் கோடையில் ஒரு விசித்திரம். உள்ளே ஸன்னிவேலில் 30 டிகிரிக்கு மேல் சுடும்போது, மலைக்கு அப்பால் கடலோரத்தில் 15 டிகிரி இருக்கும். பஸிபிக் கடலின் குளிர்ந்த நீர்மேல் மூடுபனி உண்டாகி, சாயங்காலம் மலை முகட்டைத் தாண்டி வழியும். அப்போது திறந்த காரில் போகிறவர்கள் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டே காலடியில் ஹீட்டரைப் போட்டுக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே வெந்நீர்க் குளியல், மேலே பனி. பைத்தியக்காரத்தனந்தான், ஆனால் திறந்த காரின் பரமசுகம் அதுவே என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

அரைமணியில் திரும்புவதாகச் சொன்னவர்கள் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. லா ஹோண்டா வழியாக இறங்கி ஸான் கிரிகோரியோ கடற்கரை வரை போய்விட்டார்களாம். வந்தபோது அக்காவின் கண்கள் அன்றும் சிவந்திருந்தன. தலைப்புத் தலையில் இல்லை, தோளில் கிடந்தது.

“காற்றா அக்கா?”

“காற்றெல்லாம் ஒண்ணுமில்லை.” சற்று நேரம் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அவங்க அப்பாவைப் பற்றிப் பேசினான், தம்பி.”

அத்திம்பேர் காலமானது 2020-இல், விமானங்கள் நின்றுபோயிருந்த மாதங்களில். பிள்ளை கொள்ளி வைக்க வரமுடியவில்லை, செல்போனில் பார்த்தான். அதற்குப் பிறகு அக்கா இங்கே வந்து இத்தனை வருஷத்தில், அதைப் பற்றி அவன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். காரில் போனாலும் அவள் இடம் பின் ஸீட்.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அன்றிரவு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்ப்புச் சொன்னேன். சின்னக் காரை வாங்கு. காலையிலும் மாலையிலும் ஓட்டு, உச்சிவேளையில் நிறுத்திவை. தொப்பி போட்டுக்கொள். பெரிய காரே வேண்டுமென்றால், பணம் கொடுப்பதற்கு முன் உன் மனைவியை ஓட்டச் சொல்லி நீ அரைமணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்.

அவன் ஆறு வருஷம் ஓடிய மியாட்டா ஒன்றைத் தேடி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவின் முறை. நவம்பரில் மழை ஆரம்பிக்கும்வரை தவறாமல் நடக்கிறதாக எழுதியிருந்தாள்.

எனக்கும் ஒரு லாபம் உண்டு. நாற்பது வருஷமாகப் புத்தகங்களுக்குத் தீர்ப்புச் சொல்லி வருகிறேன். எல்லாம் முன் ஸீட்டிலிருந்து சொன்ன தீர்ப்புகளோ என்று இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. கதாநாயகன் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, “ஆகா, என்ன காற்று!” என்று எத்தனை நாவல்களைப் புகழ்ந்திருக்கிறேன்! அந்தக் கதைகளில் தாய் என்றும், தமக்கை என்றும் பின்னால் ஒருத்தி தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டொரு புத்தகங்களை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன்.