முடிவிலி ஒன்றா, பலவா?

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. மூன்று பழத்தை மூவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் பழத்தை ஆயிரவர்க்குப் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒன்று. ஆசிரியர் இப்படி விளக்கியபோது மாணவர் இராமானுஜன் எழுந்து, பழமே இல்லாமல் ஆளே இல்லாதவர்க்குப் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம்.

அவருடைய வாழ்வை ராபர்ட் கனிகல் 1991-இல் அரிய நூலாக்கினார். அது 2015-இல் திரைப்படமும் ஆயிற்று. 'முடிவிலியை அறிந்த மனிதர்' என்பது தலைப்பு. நூலில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் தலைப்பை மட்டும் கேட்டவர்கள், முடிவிலி என்பது எங்கோ இருக்கும் ஒற்றைப் பொருள் என்றும், இராமானுஜன் அதைக் கண்டுவிட்டார் என்றும் மேடையில் பேசிவிடுகிறார்கள். அவர் அறிந்தது எந்த முடிவிலி?

அவர் அறிந்தது தொடர்களின் முடிவிலி. 1913 பிப்ரவரி 27 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், 1 + 2 + 3 + 4 என்று முடிவின்றிச் செல்லும் தொடருக்குத் தம் கோட்பாட்டின்படி −1/12 என்று மதிப்புக் காட்டினார். இதைக் கேட்டால் பித்தர் விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று தாமே நகைத்தும் கொண்டார். 'தம் கோட்பாட்டின்படி' என்பதே இங்கு உயிர்ச்சொல். வழக்கமான பொருளில் கூட்டினால் அத்தொடர் எந்த வரம்பையும் கடந்து வளரும். அங்கே முடிவிலி ஓர் எண்ணன்று; நில்லாமல் வளர்வதற்கு இட்ட பெயரே.

கேன்டர் கண்டது வேறு. தோட்டத்துப் பிரட்டில் ஆளுக்கொரு வாளி இருந்து, வாளியும் மிஞ்சாமல் ஆளும் மிஞ்சாமல் போனால், எண்ணிப் பாராமலே இரண்டும் சமம் என்று கிராணியார் சொல்லிவிடலாம். இந்த இணைப்பு முறையைத்தான் கேன்டர் முடிவற்ற கணங்களுக்கும் கொண்டுசென்றார். 1, 2, 3 என்பவற்றை 2, 4, 6 என்பவற்றோடு ஒன்றுக்கொன்று இணைக்கலாம். ஆகவே இரண்டும் சமம். ஆனால் ஒரு கோட்டின் புள்ளிகளை அவ்வாறு எண்களோடு இணைத்துத் தீர்க்க முடியாதென்று 1874-இல் நிறுவினார். முடிவிலியிலும் சிறிதும் பெரிதும் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றுதான்.

வடிவியலுக்கு வருவோம். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டாலும், நிரையின் ஒரு முனையில் நின்று பார்த்தவர்க்கு இது தெரியும்: இணையாகச் செல்லும் இரு வரிசைகளும் தொலைவில் ஒன்றையொன்று தொடுவதாகத் தோன்றும். வீழ்ப்பு வடிவியல் அத்தோற்றத்தையே மெய்யாகக் கொண்டு, திசைக்கொரு புள்ளியாகத் தளத்தோடு ஒரு முழுக் கோட்டையே சேர்த்துக்கொள்கிறது. அதே தளத்தைச் சிக்கலெண் கணிதர் ரீமன் கோளமாக மடிக்கும்போதோ, சேர்ப்பது ஒரே ஒரு புள்ளி. ஒருவர்க்குக் கோடு, மற்றவர்க்குப் புள்ளி! இருவரும் பிழை செய்யவில்லை. அவரவர் தேவை வேறு.

இத்தனையையும் 'முடிவிலி' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். கந்தழி என்று எழுதுவோரும் உளர். தொல்காப்பியச் சொல் என்பதால் அது இனிக்கலாம். ஆயினும் நச்சினார்க்கினியர் அதற்குக் கூறும் பொருள், பற்றுக்கோடின்றித் தானே நிற்கும் தத்துவங்கடந்த பொருள் என்பது. கணித முடிவிலியோ வரையறை என்னும் பற்றுக்கோடின்றி ஒரு நொடியும் நில்லாது. எல்லை பற்றிய பாடத்தில் 'வரம்பின்றி வளர்கிறது' என்று சொல்வதே நேர். கணங்களுக்கு 'எண்ணிலி' பொருந்தாது. கேன்டரின் முதல் முடிவிலியே எண்ணத்தக்கது என்றல்லவா பெயர் பெற்றிருக்கிறது!

சொல்லாய்வு புலவர்க்கே உரியது என்று தள்ளிவிட முடியாது. மலாக்காத் தோட்டப் பள்ளியிலும் ஒரு குழந்தை ஆறைச் சுழியால் வகுத்தால் என்ன என்று கேட்கும். 'முடிவிலி' என்று சொல்லி வாயடைப்பது எளிது. ஆனால் அது பிழை. சுழியால் பெருக்கி ஆறு வரும் எண் ஏதுமில்லை. ஆகவே அந்த வகுத்தலுக்கு விடையில்லை என்பதே அவ்வகுப்புக்குரிய மறுமொழி. ரீமன் கோளத்தில் அதை முடிவிலி எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் சுழியைச் சுழியால் வகுக்க அங்கும் இடமில்லை: எந்த எண்ணைச் சுழியால் பெருக்கினாலும் சுழியே வருவதால், எதை விடையென்று கொள்வது? கும்பகோணத்துச் சிறுவன் பழத்தை வைத்துக் கேட்டது இதைத்தான்.