வலைக்கு அந்தப் பக்கம் ஹிங்கிஸ்

2016 ஓகஸ்ட். ரியோ ஒலிம்பிக்கின் களைப்பு ஆறுவதற்குள் சின்சினாட்டி பெண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சானியா மிர்ஸாவும் செக் குடியரசின் பார்போரா ஸ்ட்ரிகோவாவும். மறுபக்கம் மார்ட்டினா ஹிங்கிஸும் அமெரிக்காவின் கோகோ வேண்டெவேயும். சானியாவும் ஹிங்கிஸும் சோடி பிரிந்த செய்தி வந்தது அதே மாதத்தில்தான். உலகத் தரப்படுத்தலின் முதலிடத்தை அப்போதும் இருவரும் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் இறக்காமத்தில் டென்னிஸ் பார்ப்பவர்கள் குறைவு. இங்கே பலருக்குச் சானியா என்றால் 2010 இல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷுஐப் மலிக்கைக் கலியாணம் முடித்தவர், அவ்வளவுதான். ஆனால் 2015 மார்ச்சில் ஹிங்கிஸுடன் சேர்ந்த பிறகு அவர் ஆடிய ஆட்டம் வேறு ரகம். இந்தியன் வெல்ஸ், மியாமி, சார்ள்ஸ்டன் என்று முதல் மூன்று சுற்றுப்போட்டிகளிலும் கிண்ணம். விம்பிள்டன் இறுதியில் கடைசி செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து ரஷ்யாவின் மகரோவா - வெஸ்னினா சோடியை 7-5 என்று மடக்கினார்கள். அமெரிக்க பகிரங்கம், அவுஸ்திரேலிய பகிரங்கம் என்று அடுத்தடுத்து வந்தன. தொடர்ச்சியாக 41 வெற்றிகள். மொத்தம் 14 பட்டங்கள்.

அந்தச் சோடியின் இரகசியம் வேலைப் பங்கீடு. பின்னால் நின்று முன்கை அடியால் எதிராளியைத் தள்ளுவது சானியா. தடுமாறித் திரும்பி வரும் பந்தை வலையோரத்தில் வெட்டிப்போடுவது ஹிங்கிஸ். சானியாவின் சேர்வ் பலமானதல்ல, ஓட்டமும் அவ்வளவு வேகமில்லை. அந்த இரண்டு குறையையும் மூடி மறைத்தது ஹிங்கிஸின் கணிப்பு. ஹிங்கிஸிடம் இல்லாத அடிபலத்தைக் கொடுத்தது சானியாவின் மணிக்கட்டு.

இப்போது அதே இருவர் எதிரெதிரே. நெருக்கடியில் சானியாவின் இரண்டாவது சேர்வ் எந்தப் பக்கம் விழும் என்று ஹிங்கிஸுக்குத் தெரியும். ஹிங்கிஸ் எந்தப் பந்துக்குக் குறுக்கே பாய்வார், எதை விட்டுவிடுவார் என்று சானியாவுக்குத் தெரியும். பெருநாள் காலக் கரம் போட்டிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்: போன வருடம் எதிரே இருந்து உங்களுக்காகச் சிவப்பை இறக்கிய ஆள், இந்த வருடம் பக்கத்து மூலைக்காரன். உங்கள் விரல் அசையுமுன்பே அவன் சிரிக்கிறான்.

ஆனால் தெரிந்தது இரண்டு பக்கமும் சமம் என்றால் அதனால் இலாபம் யாருக்கும் இல்லை. என் பார்வையில், இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பழைய சோடிகள் தீர்மானிப்பதில்லை, புதிதாகப் பக்கத்தில் வந்து நின்றவர்களே தீர்மானிக்கிறார்கள். வேண்டெவேயின் ஆயுதம் பெரிய சேர்வ். ஸ்ட்ரிகோவாவோ வலையோரத்தில் துறுதுறுவென்று நிற்பவர். ரியோவில் இரட்டையர் வெண்கலம் வென்ற கையோடு வந்திருந்தார். ஹிங்கிஸ் விட்டுப்போன வேலையை அப்படியே எடுத்துச் செய்யக்கூடியவர் சானியாவுக்கு உடனேயே கிடைத்துவிட்டார். ஹிங்கிஸுக்கு ஒரு சானியா கிடைக்கவில்லை. 7-5, 6-4 என்று சானியா பக்கம் வென்றது. முதலிடமும் அவருக்குத் தனியாக வந்தது.

சோடி பிரிந்தவர்களை மோதவிட்டுக் காசு பார்ப்பதை ஒரு கலையாகவே வளர்த்தது ஜப்பானின் பெண்கள் மல்யுத்தம். 1976 இல் சேர்ந்த ஜக்கி சாட்டோவும் மாக்கி உவேடாவும் ‘பியூட்டி பெயார்’ என்ற பெயரில் பாட்டுக்கூடப் பாடி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அரங்கு நிறையக் கூட்டி வந்தவர்கள். 1979 பெப்ரவரி 27 இல் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் அந்த இருவரையே மோதவைத்தார்கள். தோற்பவர் ஓய்வுபெற வேண்டும் என்பது நிபந்தனை. வென்றது சாட்டோ, உவேடா விடைபெற்றார். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவைப் பேசிவைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் தனிக்குத் தனி நிற்கும் அந்த மேடையில் புதுக் கூட்டாளி என்று ஒருவர் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த அறிவைத் தவிர இருவர் கையிலும் வேறொன்றுமில்லை. அதனால்தான் இரசிகைகள் யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் அழுதார்கள். சின்சினாட்டியில் அந்தத் தவிப்பு இல்லை. வலை நடுவில் இருக்கிறது, பக்கத்தில் வேறொருவர் நிற்கிறார், புள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது.

டென்னிஸ் அட்டவணைக்கு ஒரு குறும்பும் உண்டு. அந்த வருட முடிவில் சிங்கப்பூரில் நடந்த இறுதிச் சுற்றுக்குச் சானியாவும் ஹிங்கிஸும் சோடியாகவே தகுதி பெற்றிருந்தார்கள். ஆகவே ஒக்டோபரில் மறுபடி ஒரே பக்கம் நின்றார்கள். அரையிறுதியில் அவர்களை வெளியேற்றியது அதே மகரோவா - வெஸ்னினா.

பிரிவால் யாருக்கு இலாபம் என்று கேட்டால், சின்சினாட்டிக் கிண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 2017 ஜனவரியில் பிரிஸ்பேன் பட்டத்தை பெத்தனி மாட்டெக்-சாண்ட்ஸுடன் சேர்ந்து சானியா வென்றார். அந்த வெற்றியிலேயே முதலிடம் சானியாவிடமிருந்து பெத்தனிக்குப் போனது. பெண்கள் இரட்டையரில் அதன்பிறகு சானியாவுக்கு ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டமும் கிடைக்கவில்லை. ஹிங்கிஸோ தாய்வானின் சான் யுங்-ஜானுடன் சேர்ந்து 2017 அமெரிக்க பகிரங்கத்தை வென்றார். அந்த ஒக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது இரட்டையர் தரப்படுத்தலில் முதலாம் இடத்தில் இருந்தவர் அவர்தான்.