அலமாரிக்குள் தூங்கும் மகள்

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் புது நடிகர்களை வைத்து முதலிலிருந்து மறுபடி எடுக்கும்போது, பார்வையாளர்கள் எதற்குக் கொதிக்கிறார்கள், எதை வாய் திறக்காமல் விழுங்கிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பது என் பழக்கம். தொடரில் கிடைக்காத விஷயம் பல நேரம் அங்கே கிடைத்துவிடும். அறிவியல் புனைவுத் தொடர்களில் இது இன்னும் வெளிப்படை. வேற்றுக்கிரகம், காலப்பயணம், பேசும் இயந்திரம் எல்லாவற்றையும் நம்பத் தயாராக வருகிறவர்கள், ஒரு பெண் போர் விமானம் ஓட்டுவதை மட்டும் நம்ப முடியவில்லை என்பார்கள்.

1978இல் அமெரிக்காவில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்றொரு தொடர் வந்தது. அழிந்துபோன மனித இனத்தின் மிச்சம் விண்கலங்களில் ஏறித் தப்பியோடும் கதை. அதில் ஸ்டார்பக் என்றொரு விமானி. சுருட்டு, சீட்டாட்டம், பெண்கள், வாய்த்துடுக்கு. 2003இல் ரொனால்ட் டி. மூர் அதே கதையை மறுபடி எடுத்தபோது ஸ்டார்பக்கைப் பெண்ணாக்கினார். நடித்தவர் கேட்டி சாக்கோஃப். சுருட்டும் சீட்டும் வாய்த்துடுக்கும் அப்படியே இருந்தன. ஆனாலும் பழைய ரசிகர்களுக்குத் தாங்கவில்லை. முதல் ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்டே, தன் பாத்திரத்துக்குக் காயடித்துவிட்டார்கள் என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார்.

பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ கதை இன்னும் வேடிக்கை. 1963இல் தொடங்கிய தொடர் அது. டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி சாகும் தறுவாயில் உடலையே மாற்றிக்கொண்டு வேறு முகத்தோடு பிழைத்துக்கொள்வார். நடிகர் மாறினாலும் தொடர் நிற்காமலிருக்க பிபிசி கண்டுபிடித்த உபாயம். 2017 ஜூலையில் அடுத்த டாக்டர் ஜோடி விட்டேக்கர் என்ற பெண் என்று அறிவித்தார்கள். முன்பு அதே வேடத்தில் இருந்த பீட்டர் டேவிசன், பையன்களுக்கு ஒரு முன்மாதிரி இல்லாமல் போகிறதே என்று வருத்தப்பட்டார். முன்மாதிரியாக இருக்க ஒரே பாலினமாக இருக்க வேண்டியதில்லை என்று இன்னொரு முன்னாள் டாக்டரான காலின் பேக்கர் மறுத்தார். எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. அதற்கு முந்தைய 54 வருடங்கள் சிறுமிகள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அதே டாக்டரைத்தான். தன்னை ஆணாக நினைத்துக்கொண்டு கதைக்குள் நுழைவது பெண் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிடும். எம்.ஜி.ஆர். வாள் வீசும்போது கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்த நம் பாட்டிகள் வீசியதும் அந்த வாளைத்தான். பையன்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்க யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. ஒருநாள் கொடுத்தபோது அதற்குப் பெயர் இழப்பு.

திருவானைக்காவலில் இருந்துகொண்டு இந்தச் சண்டையைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது. இங்கே தினமும் உச்சிக்காலப் பூசைக்கு அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே ஜம்புகேஸ்வரர் சன்னிதிக்குப் போகிறார். அம்மனே சுவாமியைப் பூசிப்பதாக ஐதீகம். மேளத்தோடு அவர் போவதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆக, பாத்திரம் ஒன்று உடல் ஒன்று என்பது எங்கள் ஊருக்குப் புதிதே இல்லை. ஆனால் அந்தப் புடவை ஒரு பக்கமாக மட்டுமே நகரும். ஆண் அம்மனாகலாம். அம்மனின் வேலையைச் செய்ய ஒரு பெண் கருவறைக்குள் போக முடியாது. ஸ்டார்பக் விஷயத்தில் கொதித்ததும், இங்கே கைகூப்பி நிற்பதும் இரண்டு வெவ்வேறு மனநிலைகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டார்பக்கும் டாக்டரும் பெரிய சண்டைகள். அவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது, சண்டையே வராத ஒரு மறுஆக்கம். அது நம் நாட்டில் நடந்தது.

1985 முதல் 1989 வரை அமெரிக்காவில் ஓடிய ‘ஸ்மால் வொண்டர்’ தொடரைத் தொண்ணூறுகளில் ஸ்டார் பிளஸ் இந்திக் குரல்களோடு ஒளிபரப்பியது. டெட் லாசன் என்ற பொறியாளர் பத்து வயதுச் சிறுமியின் உருவில் ஒரு ரோபோ செய்கிறார். குடும்பச் சூழலில் வைத்தால் நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார். பெயர் விக்கி. தத்தெடுத்த பெண் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமான அதே கவுன், ஏற்ற இறக்கமில்லாத அதே குரல். முதுகில் ஒரு கதவு, அதற்குள் பட்டன்கள். ராத்திரி அவளுக்குக் கட்டில் கிடையாது. பையன் ஜேமியின் அறையிலுள்ள அலமாரிக்குள் நின்றபடியே இருப்பாள். 2003இல் அதே ஸ்டார் பிளஸ் இதை ‘கரிஷ்மா கா கரிஷ்மா’ என்று இந்தியக் குடும்பத்துக்கு மாற்றி எடுத்தது. ஜனக் சுக்லா என்ற சிறுமி கரிஷ்மாவாக நடித்தார். விஞ்ஞானி அப்பா, அம்மா, ஒரு பையன், சிவப்புக் கவுனில் ஓர் இயந்திரப் பெண்.

அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சொன்னதைச் செய்கிற பெண்ணைப் புரிந்துகொள்ள எந்த மொழி வேண்டும்?

போன கோடையில் இரண்டு தொடர்களிலிருந்தும் சில பகுதிகளை மடிக்கணினியில் போட்டு, எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் வந்ததெல்லாம் குறை. அசலில் இருந்த அழகு இதில் இல்லை, அந்தப் பெண் கண்ணே கொட்டமாட்டாள், இந்தக் குழந்தை நடுவில் கொட்டிவிடுகிறது, பின்னணியில் சிரிப்புச் சத்தம் ஜாஸ்தி. ‘ஸ்மால் வொண்டர்’ பார்த்து வளர்ந்தவர்கள் கரிஷ்மாவை வெறும் காப்பி என்றார்கள். கரிஷ்மா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் அசல். மறுஆக்கம் பற்றிய பேச்சு உலகம் முழுக்க இப்படித்தான் தொடங்குகிறது. எது முதலில் கண்ணில் பட்டதோ அதன் பக்கம் நிற்பது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறு பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “இப்படி ஒருத்தி வீட்ல இருந்தா தேவலை” என்றார். இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “சம்பளம் உண்டாக்கா அதுக்கு?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்கள் இரண்டு பேருக்கு அலமாரிதான் பிரச்சினையாக இருந்தது. ஒருத்தி, “பையன் ரூம்லயா வைப்பாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மாக்கள் அவளைப் பேசாமலிருக்கச் சொன்னார்கள். சின்ன வயதில் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்த எங்களுக்கு இருபது வருடமாகத் தோன்றாத கேள்வி அது.

கரிஷ்மா வந்த அதே 2003இல் தமிழ் வீடுகளில் இரவு ஓடிக்கொண்டிருந்தது சன் டி.வி.யின் ‘மெட்டி ஒலி’. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், ஒவ்வொருத்தியையும் கரையேற்றப் படும் பாடு. ஊரே அழுதுகொண்டு பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ரோபோ எதற்கான விடை என்பது புரியும். இந்த மகளுக்கு நகை போட வேண்டாம். மாமியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவள் வயதுக்கு வரமாட்டாள், யாரோடும் ஓடிப்போகமாட்டாள், சோறு கேட்கமாட்டாள். கனமான சோபாவை ஒரு கையால் தூக்குவாள். தேவையில்லை என்றால் முதுகைத் திறந்து அணைத்துவிடலாம். மகளால் வரும் செலவையும் பயத்தையும் எடுத்துவிட்டு மகளால் வரும் உழைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசையைத்தான் இரண்டு நாடுகள் குழந்தைகள் நிகழ்ச்சி என்ற பெயரில் எடுத்தன. கதையை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியபோது இந்த இடத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் எதிர்ப்பும் இல்லை. ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கினால் காயடிப்பு, இயந்திரத்தைச் சிறுமியாக்கினால் குடும்பப் பொழுதுபோக்கு.

இயந்திரம் என்றாலே அடிமை, எல்லா ரோபோவுக்கும் இதே கதிதானே என்று சொல்லலாம். இல்லை. ‘எந்திரன்’ சிட்டியை நினைத்துப் பாருங்கள். அவனும் சமைக்கிறான், எடுபிடி வேலை செய்கிறான். ஆனால் அவனுக்கு உணர்ச்சி ஊட்டியதும் முதலில் வருவது காதல், அடுத்து வருவது கோபம். படைத்தவனையே எதிர்க்கிறான். அவன் மனம் உடைவதைப் பார்த்துத் தியேட்டர் உச்சுக்கொட்டியது. ஆண் உருவ இயந்திரத்துக்கு ஆசை வருவது நமக்கு இயல்பாகப் படுகிறது. அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா வளர்ந்தது இதே தீவில், ஸ்ரீரங்கத்தில். அவர் அதற்கு வெகுமுன்பே ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயை எழுதிவிட்டார். குழந்தை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டிய உலகத்தில் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வரும் ஜீனோ படிக்கிறது, கேலி பேசுகிறது, தானாக யோசிக்கத் தொடங்குகிறது. அந்த நாவலில் பெண்ணைவிட நாய்க்குத்தான் புத்தி அதிகம் என்று நான் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனாலும் விக்கியோடு ஒப்பிட்டால் ஜீனோவின் பாடு ராஜபோகம். அதற்கு அபிப்பிராயம் இருக்கிறது.

விக்கிக்கும் கரிஷ்மாவுக்கும் இருப்பது பலம். அந்தப் பலத்தைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. எங்களோடு பார்த்தவர்களில் நாற்பதைத் தொட்ட ஒருத்தி சொன்னது: “சின்ன வயசுல எனக்கு அவளா மாறணும்னு இருந்துச்சு. அவளை யாரும் அடிக்க முடியாதுல்ல.” அடித்தால் அடித்தவன் கைதான் வலிக்கும். பெண்ணியம் பேசுகிற நாம் இந்தத் தொடரை ஆணாதிக்கக் கற்பனை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டால், இவள் அதில் எடுத்துக்கொண்ட பொருள் நம் கண்ணில் படாமல் போகும். அவள் பார்த்தது வேலைக்காரியை அல்ல. இரும்பால் ஆன தோலை. எழுதியவர்கள் அப்படி ஒன்றை அவளுக்குக் கொடுக்க நினைத்திருக்கமாட்டார்கள். அவளாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பலத்தைக் காட்டிய கையோடு தொடர் அதை அடக்கவும் செய்கிறது. விக்கி எதையாவது தூக்கி எறிந்தால் அடுத்த நிமிடம் யாராவது ஓர் ஆள் கட்டளையிடுவார், அவள் நிற்பாள். இதைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் ஊர் அம்மன் கதை ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அகிலாண்டேஸ்வரி உக்கிரமாக இருந்தாளாம். ஆதிசங்கரர் வந்து அந்த உக்கிரத்தைத் தாடங்கங்களில் இறக்கி, அவள் காதிலேயே அணிவித்தாராம். அதுவும் போதாமல் எதிரே பிள்ளையாரை வைத்தார்களாம், மகன் முகத்தைப் பார்த்தால் தாய்க்குக் கோபம் வராது என்று. பக்தியோடு கேட்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் அந்தத் தோடுகளை எட்டி எட்டிப் பார்த்தவள்தான். ஆனால் ஒரு தோடும் ஒரு மகனும் பெண்ணின் உக்கிரத்தைக் கட்டும் என்பதை இந்தத் தெருக்களில் எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. முதுகுக் கதவைவிட அது நேர்த்தியான ஏற்பாடு.

‘ஸ்மால் வொண்டர்’ தொடரில் ஒருவர் மட்டும் இந்த ஏற்பாட்டோடு முழுதாக ஒத்துப்போவதில்லை. வீட்டு அம்மா ஜோன். கணவனுக்கு விக்கி கண்டுபிடிப்பு, மகனுக்குச் சௌகரியம், ஜோனுக்கு மட்டும் அவள் போகப்போகப் பிள்ளை. அது வெறும் இயந்திரம் என்று மற்றவர்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள். தொடர் இதைத் தாய்மையின் பலவீனம் போலச் சிரிப்பாக்குகிறது. இன்றைக்குப் பார்க்கும்போது அந்த வீட்டில் கண் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று படுகிறது. இருந்தாலும் அவளும் அலமாரிக் கதவைச் சாத்தத்தான் செய்தாள்.

எங்கள் கூட்டத்தில் கடைசியாக ஓட்டியது ‘ஸ்மால் வொண்டர்’ தொடரின் பிற்பகுதியிலிருந்து ஒன்று. அதற்குள் வருடங்கள் ஓடியிருந்தன. விக்கியாக நடித்த டிஃபனி பிரிசெட் வளர்ந்துகொண்டே இருந்தார். இயந்திரம் வளரக் கூடாது, குழந்தையால் வளராமல் இருக்க முடியாது. அப்பா அவளைப் புதுப்பித்து மாற்றியமைத்ததாகச் சொல்லித் தொடரே ஒரு சமாளிப்புச் செய்ய வேண்டியதாயிற்று. கதைப்படி அது விஞ்ஞான முன்னேற்றம். சமையல் வேலைக்குப் போகும் அந்தப் பெண் அதைப் பற்றியெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. திரையில் சட்டென்று உயரமாகத் தெரிந்தவளைப் பார்த்து, “இந்தப் புள்ள வளந்துட்டாளே” என்றார். பிறகு பக்கத்திலிருந்த தன் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மணி என்ன என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்த வீட்டில் ஏழு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும்.