அந்த 53 சதவீதம் எங்கிருந்து வந்தது?

பெரியப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாசம் பார்க்கப் போயிருந்தபோது பெரியம்மா தன் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படம். கீரை, வால்நட், ப்ளூபெர்ரி, மேலே கொட்டை எழுத்தில் "53%". இப்படிச் சாப்பிட்டால் அல்சைமர் வரும் வாய்ப்பு அவ்வளவு குறையுமாம். "நாப்பது வருஷமா நான் சமைச்சுப் போட்டதைத்தானேப்பா சாப்பிட்டார்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

படத்தை அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் "சாப்பாட்டால் தடுக்கலாம்" என்று சொல்லும்போதே "தடுக்காமல் விட்டது யார்?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. நம் வீடுகளில் அந்தக் கேள்வி நேராகப் போய் நிற்கும் இடம் அடுப்படி. அதனால்தான் இந்த எண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

53 யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் 2015இல் வெளியிட்டது. மத்தியதரைக்கடல் உணவுமுறையையும், ரத்த அழுத்தத்துக்கான டாஷ் உணவுமுறையையும் கலந்து 'மைண்ட்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். கீரை, பருப்பு வகை, கொட்டைகள், பெர்ரி, மீன், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்க்க வேண்டியவை. வெண்ணெய், சீஸ், சிவப்பு இறைச்சி, இனிப்பு, பொரித்த பண்டம் எல்லாம் குறைக்க வேண்டியவை. 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை ஆண்டு கவனித்ததில் 144 பேருக்கு அல்சைமர் வந்தது. இந்த உணவுமுறைக்கு மிக நெருக்கமாகச் சாப்பிட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு, கடைசி மூன்றில் ஒரு பங்கினரைவிட ஆபத்து 53 சதவீதம் குறைவு.

கவனியுங்கள், இவர்கள் யாருக்கும் எந்த உணவும் கொடுக்கப்படவில்லை. அவரவர் வழக்கமாகச் சாப்பிட்டதைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டார்கள். கடந்த ஒரு வருஷத்தில் எதை எத்தனை தடவை சாப்பிட்டீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். எனக்கு நேற்று மத்தியானம் என்ன குழம்பு என்பதே நினைவில்லை! நினைவாற்றலைப் பற்றிய ஆய்வு, நினைவாற்றலை நம்பியே தகவல் திரட்டுகிறது. இன்னொரு சிக்கல், அல்சைமர் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே மூளையில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் சிலருக்குப் பசி, ருசி, சமைக்கும் பொறுமை எல்லாமே மாறலாம். அப்படியானால் மோசமான சாப்பாடு நோயின் காரணமா, நோயின் முதல் அறிகுறியா? நாலரை வருஷக் கணக்கில் இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். லண்டன் அரசு ஊழியர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நடுவயதிலிருந்து சுமார் 25 ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. நடுவயது உணவின் தரத்துக்கும் பிற்கால மறதி நோய்க்கும் அதில் தொடர்பு தெரியவில்லை.

மோரிஸ் குழுவின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். தங்கள் கருத்தைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தினார்கள். மறதி நோய்க் குடும்ப வரலாறும் அதிக எடையும் உள்ள, 65 வயதைக் கடந்த 604 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மைண்ட் உணவு, மறுபாதிக்கு அவர்களுடைய வழக்கமான உணவு. இரு தரப்புக்கும் கலோரி மட்டும் லேசாகக் குறைப்பு. மூன்று ஆண்டுகள். 2023இல் முடிவு வந்தபோது மோரிஸ் உயிரோடு இல்லை, 2020இலேயே இறந்துவிட்டார். இரண்டு குழுவுமே தேர்வுகளில் கொஞ்சம் முன்னேறியிருந்தன. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூளை ஸ்கேனிலும் அதே கதைதான்.

இதை வைத்து "சாப்பாட்டுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை" என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வருஷம் குறைவு. இரு தரப்பும் சுமார் ஐந்து கிலோ இளைத்ததால், ஒப்பிட வேண்டிய குழுவும் ஒருவகையில் சிகிச்சை பெற்றுவிட்டது. ஒரே மாதிரித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் மதிப்பெண் ஏறவும் செய்யும். ஆனால் 53 என்று அடித்துச் சொல்லும் உரிமை இதற்குப் பிறகு யாருக்கும் இல்லை என்பது என் கட்சி. 2015 முடிவு எனக்கு இதுவரை ஏழெட்டு முறை ஃபார்வேர்டாக வந்திருக்கிறது. 2023 முடிவு ஒரு முறைகூட வந்ததில்லை. (நான் சின்ன வயதில் தின்ற வெண்டைக்காய்க்கு இந்நேரம் ராமானுஜன் ஆகியிருக்க வேண்டும். அது வேற விஷயம்.)

உணவு நேரடியாக நினைவைத் தொடும் ஒரு இடம் உண்டு. பி12. அது மிகக் குறைந்தால் மறதி, குழப்பம், தள்ளாட்டம் வரலாம். தாவர உணவில் அது அநேகமாகக் கிடையாது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். மறதி என்று டாக்டரிடம் போனால் முதலில் பார்க்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. ப்ளூபெர்ரி அளவுக்குப் படம் எடுப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு அதைப் பார்த்துவிட்டார்கள், சரியாகத்தான் இருந்தது. இதையெல்லாம் பெரியம்மாவிடம் போனில் அரை மணி நேரம் சொன்னேன். குழு, குலுக்கல், 604 எல்லாம் அவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. கடைசியில், "அப்போ அவருக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு வெக்கலாமா?" என்று கேட்டார். உப்பை மட்டும் குறைச்சுப் போட்டு வையுங்க பெரியம்மா என்றேன். அவருக்கு பிரஷர் இருக்கு.