கூழ் வார்க்கும் அகப்பை

ஆடி மாதத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சி எடுத்துவரும் கேழ்வரகுக் கூழ் கோயில் வாசலில் ஒரே கொப்பரையில் சேரும். அப்புறம் எது யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அங்கே கண் போவது கொட்டாங்குச்சி அகப்பை மேல்தான்.

முற்றிய தேங்காயின் கண்ணில்லாத மூடிதான் அதற்கு ஆகும். நாரைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லால் இழைத்து, விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை போடுவார்கள். மூங்கில் காம்பு ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் நுனி நீட்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. காம்பு ஏறும் சாய்வில் இருக்கிறது செய்தவரின் கைத்திறன். கொதிக்கும் கூழில் விட்டாலும் கை சுடாது; மண்பானையைக் கீறாது.

இதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு. லைபீரியாவிலும் ஐவரி கோஸ்ட்டின் மேற்கிலும் வாழும் டான் மக்கள், விருந்தோம்பலில் சிறந்த பெண்ணை ‘வுன்கிர்லே’ என்று கொண்டாடினார்கள். அவளுக்குரியது செதுக்கிய பெரிய மரக்கரண்டி. சிலவற்றின் பிடி பெண் முகமாக முடியும், சிலவற்றில் இரண்டு கால்களாக. கால் வைத்த கரண்டியைப் பாருங்கள்: குழியே உடல், அதுவே சோறு நிறைந்த வயிறு! விருந்து நாளில் அவள் அதை ஏந்தி ஆடிவந்து அரிசியும் காசும் வழங்குவாள். தனக்குப் பின் வருபவளையும் அவளே தேர்ந்தெடுப்பாள்.

சிற்பி ஜியாகொமெட்டி 1926–27இல் செய்த ‘கரண்டிப் பெண்’ சிற்பத்துக்குத் தூண்டுதல் இந்தக் கரண்டிகள்தான். கம்பீரமான சிற்பம். ஆனாலும் என் மனம் மூலத்தின் பக்கமே சாய்கிறது. அது ஒரு பெண்ணின் தாராளத்தை ஊரறியச் சொன்னது.

நம் கொப்பரையில் பெயர்கள் கரைந்துவிடுவதும் எனக்குப் பிடித்த அழகுதான். ஆனால் விடியுமுன் எழுந்து, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிய அம்மாக்களை நாம் அப்படிக் கொண்டாடியதில்லையே என்ற ஏக்கம் டான் கரண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் ஜக்கால் ஊற்றுகிறார்கள். கூட்டத்துக்கு அது வசதி. அகப்பையில் ஒரு சொம்பு நிரம்ப மூன்று நான்கு முறை மொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வார்ப்பவர் வாங்குபவரின் முகத்தைப் பார்த்துவிடுகிறார், “இன்னும் ஒரு அகப்ப ஊத்தட்டுமா, கண்ணு?” என்று கேட்டும்விடுகிறார்.