இதுவரை எவரும் ஆராயவில்லை

எங்கள் குசினியில் கோப்பை கழுவும் மூவரும் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்தவர்கள். ஸ்காபரோவில் எங்களைப் பேட்டி கண்ட மாணவி தனது ஆய்வேட்டைத் தந்தபோது முதலில் முன்னுரையையே படித்தோம். எதிர்பார்த்த வசனம் இருந்தது: தமிழ் அகதித் தொழிலாளர் பற்றி இதுவரை போதிய ஆய்வில்லை, அந்த இடைவெளியை இவ்வாய்வு நிரப்பும்.

மாணவியில் குறை சொல்வதற்கில்லை. இது ஒரு சடங்கு. மொழியியலாளர் ஜோன் சுவேல்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில், ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகள் மூன்று படிகளில் நகர்வதைக் காட்டினார்: களத்தைச் சொல்லுதல், அதில் வெற்றிடம் காட்டுதல், அவ்வெற்றிடத்தில் குடியேறுதல். வெற்றுக்காணி என்று சொல்லிக் குடியேறுவதன் பொருளை ஈழத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே 1990இல்தான் ரொறன்ரோவில் 'காலம்' சஞ்சிகை தொடங்கியது. இங்கும் ஐரோப்பாவிலும் கோப்பை கழுவியவர்களே சிற்றிதழ்களில் தம் வாழ்வைக் கதையாகவும் கட்டுரையாகவும் எழுதினார்கள். ஆய்வேட்டின் நூற்பட்டியலில் அவற்றில் ஒன்றுதானும் இல்லை. கதை ஆய்வாகாது என்பார்கள். ஆகாதுதான். ஆனால் முன்பே பேசியவர்களை ஊமைகளாக்கித்தானா ஓர் ஆய்வு தன்னை நியாயப்படுத்த வேண்டும்?

இடைவெளி உண்மையாகவே இருந்தாலும் அது மட்டும் காரணமாகாது. ஆராயப்படாதவை உலகில் ஆயிரம். கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் நூலாயிற்று. சங்கப் பாடல்கள் எவரும் தொடாதவையல்ல. பலர் தொட்டுத் தேய்ந்தவை. கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்தால் இவை எப்படித் தெரியும் என்ற கேள்வியே அவருக்கு நியாயமாக இருந்தது.

நாங்களும் யாழ்ப்பாணத்தில் அதே வசனத்தை எழுதியவர்கள்தாம். 1981இல் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில் இருந்துகொண்டு, எழுதப்படாதது எது, எரிந்துபோனது எது என்று யோசிக்காமலே எழுதினோம். போர் துரத்தியதில் அந்த ஆய்வுகள் முன்னுரையோடு நின்றுபோயின.

ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டோம்: "உண்மையில் ஏன் எங்களிட்ட வந்தனீங்கள்?"

"அப்பா இருபது வருசம் கோப்பை கழுவினவர், அண்ணை. அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறக்கேல்லை."

"அதை ஏன் முன்னுரையில் எழுதேல்லை?"

"அதைக் காரணமா எடுக்கமாட்டினம்."

ஆய்வேடு முழுவதிலும் எங்களுக்குக் கிடைக்காத காரணம் அதுதான்.